சின்ன ப்ரூவரிகளின் புதுப் பீர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராஃப்ட் பீர் (சின்ன, சுயேச்சையான பீர் ஆலைகள், அதாவது ப்ரூவரிகள், காய்ச்சுவது) பக்கம் இப்போதுதான் வந்தவர்களும், வந்து நாளாகியும் கேனில் இருப்பதைப் படித்துவிட்டு விழிப்பவர்களும் கேட்பவை இவை. மது அருந்தும் சட்டப்படியான வயது வந்தவர்களுக்காக மட்டும் எழுதியது.

சுயேச்சையான ப்ரூவரி என்று எதைச் சொல்கிறார்கள்? சின்னதாக இருந்தால் போதுமா?

போதாது. எவ்வளவு காய்ச்சுகிறார்கள் என்பதோடு, சொந்தக்காரர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். உலகத்துக்கே பொதுவான வரையறை எதுவும் கிடையாது. அதிகமாக எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் என்ற ப்ரூவரிகள் சங்கம் வைத்திருக்கும் கணக்கு. ஆண்டுக்கு 60 லட்சம் பேரலுக்கு மேல் காய்ச்சக் கூடாது. தானே கிராஃப்ட் ப்ரூவரியாக இல்லாத ஒரு மதுக் கம்பெனியிடம் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு போயிருக்கக் கூடாது.

அமெரிக்க பேரல் ஒன்று சுமார் 117 லிட்டர். 60 லட்சம் பேரல் என்றால் ஏறத்தாழ 70 கோடி லிட்டர். இதைப் போய் 'சின்னது' என்று சொல்வதா என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பே இல்லை. முன்பு வரம்பு 20 லட்சம் பேரலாகத்தான் இருந்தது. சாமுவேல் ஆடம்ஸ் காய்ச்சும் பாஸ்டன் பீர் கம்பெனி அதை எட்டிப் பிடிக்கும் நேரத்தில் வரம்பை உயர்த்திவிட்டார்கள். அதனால் அளவைப் பற்றிய விதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பங்கு யாரிடம் இருக்கிறது என்பதுதான் உருப்படியான கேள்வி. இதைக் காட்டவே 2017-ல் அந்தச் சங்கம் தலைகீழாக நிற்கும் பாட்டில் படம் போட்ட முத்திரை ஒன்றைக் கொண்டுவந்தது.

பெரிய கம்பெனி வாங்கிவிட்டால் பீர் கெட்டுப்போய்விடுமா?

உடனே கெடாது. சில சமயம் மேம்படவும் செய்யும். பெரிய கம்பெனியிடம் ஆய்வகம் இருக்கும், கேன் அடைக்கும் நல்ல இயந்திரம் இருக்கும், குளிர் வண்டிகள் இருக்கும். அமெரிக்காவின் கூஸ் ஐலண்ட் ப்ரூவரியை 2011-ல் ஏபி இன்பெவ் என்ற பெரிய பீர் கம்பெனி வாங்கியது. லண்டனின் கேம்டன் டவுனும் 2015-ல் அதே கைக்குப் போனது. லகுனிடாஸில் பாதியை 2015-ல் வாங்கிய ஹைனகன், மீதியை 2017-ல் எடுத்துக்கொண்டது. "யாருக்கும் விற்க மாட்டோம்" என்ற தோரணையிலேயே வளர்ந்த ஸ்டோன், 2022-ல் ஜப்பானின் சப்போரோவிடம் போனது. இவை எல்லாமே ஒரே நாளில் குடிக்க முடியாமல் போய்விடவில்லை.

மாறுவது வேறு. எந்தப் பீரைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்ற முடிவு காய்ச்சுகிறவர் கையிலிருந்து கணக்குப் பார்க்கிறவர் கைக்குப் போகிறது. சான் ஃப்ரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரியைப் பாருங்கள். மூடும் நிலையில் கிடந்த அதை 1965-ல் ஃப்ரிட்ஸ் மேடேக் வாங்கித் தூக்கி நிறுத்தினார். அமெரிக்காவின் கிராஃப்ட் பீர் கதையை அங்கிருந்து தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். 2017-ல் அதைச் சப்போரோ வாங்கியது. 2023-ல் மூடிவிட்டது. பாலஸ்ட் பாயிண்ட் கதை இன்னும் விசித்திரம்: 2015-ல் 100 கோடி டாலர் கொடுத்து வாங்கிய கான்ஸ்டலேஷன் என்ற மதுக் கம்பெனி, 2019-ல் அதை ஒரு சின்ன ப்ரூவரியிடமே தள்ளிவிட்டது.

வாரா வாரம் ஏதாவது ஒரு புதுப் பீர் வந்துகொண்டே இருக்கிறதே, ஏன்?

வியாபாரம்தான். சியரா நெவாடா ப்ரூவரி 1980-ல் ஒரு பேல் ஏலை (வெளிர் நிற ஏல் வகைப் பீர்) கொண்டுவந்து, அதையே பல பத்தாண்டுகள் விற்று வளர்ந்தது. இன்று தொடங்கும் ஒரு ப்ரூவரிக்கு அந்த வசதி இல்லை. போட்டி அதிகம், கடை அலமாரியில் இடம் குறைவு. டேப்ரூமுக்குள் (ப்ரூவரியிலேயே பீர் விற்கும் கூடம்) நுழைகிறவர் கேட்கும் முதல் கேள்வியே "புதுசா என்ன இருக்கு?" என்பதுதான். பெயரும் படமும் மாறினால் நாலு பேர் படம் எடுத்துப் போடுகிறார்கள். பழைய பீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாரும் போடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புதிது என்று வருவதில் பெரும்பகுதி ஒரே குடும்பம். அதே மால்ட் (முளைக்கவிட்டு உலர்த்திய தானியம்), அதே ஈஸ்ட் (நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்), அதே செய்முறை. கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூ மட்டும் மாறியிருக்கும். போன வாரம் சிட்ரா, மொசைக் என்ற ஹாப்ஸ் வகைகள் என்றால் இந்த வாரம் சிட்ராவும் கேலக்ஸியும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஹாப்ஸ் மாறினால் வாசனை நிஜமாகவே மாறும். ஆனால் இப்படிப்பட்ட ஒன்றைத் தவறவிட்டதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

ஒரு புதுப் பீர் கேனுக்குள் போவதற்கு எத்தனை நாள் ஆகும்?

ஏல் வகை என்றால் இரண்டு மூன்று வாரம். காய்ச்சுவது ஒரே நாள் வேலைதான். நொறுக்கிய மால்ட்டை 65 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுகிறார்கள். மால்ட்டில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது அப்போதுதான். அந்த இனிப்பு நீரை வடித்து, ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். கசப்பு வேண்டுமானால் ஹாப்ஸைக் கொதியின் தொடக்கத்திலேயே போட வேண்டும். வாசனை வேண்டுமானால் கொதி அடங்கியபின். அப்புறம் சட்டென்று ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்கிறார்கள்.

அதன்பின் வேலை ஈஸ்ட்டுடையது. ஏல் 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு வாரத்துக்குள் நொதித்து முடியும். ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான ஏல்) என்றால் அந்தத் தொட்டியிலேயே இன்னும் கொஞ்சம் ஹாப்ஸைக் கொட்டிச் சில நாள் வைப்பார்கள். சூடே படாததால் அது கசப்பைப் பெரிதாகக் கூட்டாமல் வாசனையைக் கொடுக்கும். உலர் ஹாப்ஸ் சேர்ப்பது என்று இதைச் சொல்கிறார்கள். பிறகு தொட்டியைக் குளிரவைத்து, ஈஸ்ட் அடியில் படிந்ததும், வாயு ஏற்றி அடைத்துவிடுகிறார்கள்.

லேகர் அவசரத்துக்கு மசியாது. 10 டிகிரி சூட்டில் மெதுவாக நொதித்து, பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் அதே தொட்டியில் இரண்டு ஐபிஏக்களைக் காய்ச்சி விற்றுவிடலாம். தொட்டி நாலைந்துதான் இருக்கும் ஒரு ப்ரூவரி லேகர் போடுகிறது என்றால், பணத்தை விட்டுக்கொடுத்து ஆசைக்குச் செய்கிறார்கள் என்று அர்த்தம். அதில் குறைகள் ஒளிந்துகொள்ளத் தூக்கலான ஹாப்ஸும் கிடையாது, பழமும் கிடையாது. புதிதாக ஒரு பில்ஸ்னர் (வெளிர் நிற லேகர்) வந்திருக்கிறது என்றால் நான் முதலில் அதைத்தான் எடுப்பேன்.

லேபிளில் இருப்பதில் எதைப் படிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

விட்டுவிடலாம் என்ற பட்டியலில் முதலில் 'லிமிடெட் ரிலீஸ்'. ஒரு தொட்டிதான் காய்ச்சினார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. 'டிடிஹெச்' என்ற எழுத்துகள் உலர் ஹாப்ஸை இரட்டிப்பாகச் சேர்த்ததைக் குறிக்கும். எதைவிட இரட்டிப்பு என்றுதான் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு ப்ரூவரி இரண்டு தடவை போட்டதைச் சொல்லும், இன்னொன்று இரண்டு மடங்கு அளவைச் சொல்லும். 'ஐபியூ' என்பது கசப்பின் அளவு. மால்ட் இனிப்பு தூக்கலாக இருந்தால் 60 ஐபியூ கூட மென்மையாகத் தோன்றும், இனிப்பு மிஞ்சாத வறட்டுப் பீரில் 35-ஏ நாக்கைப் பிடிக்கும். எனவே அதைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை.

படிக்க வேண்டியவை: பீரின் வகை, ஆல்கஹால் சதவீதம், ஹாப்ஸின் பெயர், அடைத்த தேதி. ஹாப்ஸ் பெயர்கள் கொஞ்ச நாளில் பழகிவிடும். சிட்ரா என்றால் எலுமிச்சைக் குடும்பமும் மாம்பழமும். நியூசிலாந்தின் நெல்சன் சாவினில் வெள்ளை ஒயின் சாயல் இருக்கும். ஆஸ்திரேலியாவின் கேலக்ஸியில் பேஷன் ஃப்ரூட் தூக்கும். சாப்ரோவில் தேங்காய் வாசனை வரும், அது எல்லோருக்கும் பிடிப்பதில்லை. உங்களுக்குப் பிடித்த ஹாப்ஸ் இரண்டு பெயரை நினைவில் வைத்துக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் 'லாக்டோஸ்' என்ற சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும். அது பால் சர்க்கரை. சாதாரண பீர் ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாததால் இனிப்பு அப்படியே தங்கும். இனிப்பான ஸ்டவுட்டுகளிலும் (கருநிற ஏல்கள்), 'மில்க்‌ஷேக்' என்று பெயர் வைத்த ஐபிஏக்களிலும் அது இருக்கும்.

கேனின் அடியில் இருக்கும் எண்கள் என்ன?

தேதிதான், ஆனால் பல வேஷத்தில். கேனைத் திருப்பிப் பிடித்து, விளக்கு வெளிச்சம் சாய்வாக விழும்படி பாருங்கள். மை புள்ளி புள்ளியாக இருக்கும், ஈரம் பட்டிருந்தால் பாதி அழிந்திருக்கும். நல்ல ப்ரூவரி என்றால் அடைத்த நாள் நேராகவே இருக்கும். சிலர் 'இதற்குள் குடிக்கவும்' என்று ஒரு தேதியை மட்டும் போடுகிறார்கள். அது அடைத்த நாளிலிருந்து மூன்று மாதமா, ஒரு வருடமா என்பது அவரவர் தாராளத்தைப் பொறுத்தது.

மூன்று இலக்க எண் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. 214 என்றால் லீப் அல்லாத ஆண்டில் ஆகஸ்ட் 2. தேதியே போடாத கேனும் உண்டு. ஹாப்ஸ் பீராக இருந்தால் அதை வாங்காமல் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அப்படியானால் எத்தனை நாளுக்குள் குடிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பீர் புதிதாக வெளிவந்ததா என்பதைவிட, கையில் இருக்கும் கேன் எப்போது அடைத்தது, எங்கே வைத்திருந்தது என்பதுதான் ருசியைத் தீர்மானிக்கிறது. நேற்று அடைத்த பழைய ரெசிபி, நாலு மாதம் வெயிலில் நின்ற புது ரெசிபியை எளிதாகத் தோற்கடிக்கும்.

கலங்கலான ஐபிஏக்களை ஆறேழு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. தெளிவான ஐபிஏயும் பேல் ஏலும் மூன்று மாதம் தாங்கும். லேகர், குளிரில் வைத்திருந்தால், இன்னும் கொஞ்சம் அதிகம். வலுவான ஸ்டவுட், பார்லி ஒயின் (பெயர்தான் ஒயின், வலுவான ஏல் அது), பெல்ஜியத்துப் புளிப்புப் பீர்கள் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

ப்ரூவரிக்காரர்களிடையே 3-30-300 என்று ஒரு கணக்கு உண்டு. 32 டிகிரி வெப்பத்தில் 3 நாளில் ஒரு பீர் எவ்வளவு பழசாகுமோ, அதே அளவு 22 டிகிரியில் 30 நாளிலும், 3 டிகிரியில் 300 நாளிலும் ஆகும். துல்லியமான சூத்திரம் இல்லை, ஆனால் திசை சரி. காரின் பின்பக்கத்தில் ஒரு மதியம் கிடந்த பெட்டி, கடையில் மாதக்கணக்கில் கிடந்த பெட்டிக்குச் சமமாகிவிடலாம். ஆக, பீர் அலமாரி ஜன்னலோரத்தில் இருக்கும் கடையைவிட, எல்லாவற்றையும் குளிர்பெட்டியில் வைத்திருக்கும் கடை மேல்.

கலங்கலாக இருக்கிறதே, கெட்டுப்போனதா?

'ஹேஸி' என்றோ 'நியூ இங்கிலாந்து ஐபிஏ' என்றோ போட்டிருந்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஓட்ஸிலும் கோதுமையிலும் உள்ள புரதமும், ஹாப்ஸில் உள்ள பாலிஃபீனால்களும் சேர்ந்து அந்தக் கலங்கலை உண்டாக்குகின்றன. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் தி ஆல்கமிஸ்ட் காய்ச்சிய ஹெடி டாப்பர் என்ற பீர்தான் இந்தப் பாணிக்கு முன்னோடி. ப்ரூவர்ஸ் அசோசியேஷன் தன் பாணிப் பட்டியலில் இதற்கு முறையாக இடம் கொடுத்தது 2018-ல்தான்.

நிறத்தைக் கவனியுங்கள். நல்ல கலங்கல் ஐபிஏ வெளிர் மஞ்சளாக, ஆரஞ்சுச் சாறு போல இருக்கும். ஆக்ஸிஜன் பட்டுப் பழசானது சாம்பல் கலந்த பழுப்புக்குப் போய்விடும், சில சமயம் லேசான ஊதாச் சாயல்கூட வரும். வாசனை செத்து, இனிப்பு மட்டும் நிற்கும். மறுபக்கம், அடைத்து இரண்டு மூன்று நாளே ஆன கேனில் தொண்டையைச் சுரண்டுகிற காரம் இருக்கலாம். ஹாப்ஸ் துகள் இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம், ஒரு வாரம் குளிரில் வைத்தால் தணிந்துவிடும். கேனின் கடைசி மடக்கில் சேறு மாதிரி இறங்கினால் அதைக் கிளாஸில் ஊற்றாமல் விட்டுவிடுங்கள்.

'ஃப்ரெஷ் ஹாப்' பீர்கள் ஏன் ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்டும் வருகின்றன?

ஹாப்ஸ் கொடி ஆண்டுக்கு ஒரு முறைதான் அறுவடைக்கு வரும். வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர், தென் அரைக்கோளத்தில் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம். பறித்த ஹாப்ஸில் பெரும்பங்கு, ஏறக்குறைய 80 சதவீதம், ஈரம்தான். அப்படியே விட்டால் ஓரிரு நாளில் புழுங்கி வீணாகிவிடும். அதனால்தான் உடனே சூளையில் உலர்த்தி, பெரும்பாலும் அரைத்துக் குளிகையாக்கி, ஆண்டு முழுவதும் பயன்படுத்துகிறார்கள்.

உலர்த்தாமல், பறித்த ஒரு நாளுக்குள் கொப்பரையில் கொட்டிக் காய்ச்சுவது ஃப்ரெஷ் ஹாப் பீர். வழக்கமான எடையைப் போல் நாலைந்து மடங்கு பச்சை ஹாப்ஸ் வேண்டும். சியரா நெவாடா 1996-லேயே இதைச் செய்தது. அமெரிக்காவின் யாகிமா பள்ளத்தாக்கு போன்ற ஹாப்ஸ் வயல்களுக்கு அருகில் இருக்கும் ப்ரூவரிகளில் அறுவடை நேரத்தில் ராத்திரி பகலாக இந்த வேலை நடக்கும். நறுக்கிய புல், பச்சை இலை, லேசான பிசின் என்று ருசி போகும். மாம்பழ வெடிப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். புதுப் பீர்களில் 'இப்போது விட்டால் அடுத்த ஆண்டுதான்' என்று உண்மையாகவே சொல்லத்தக்கது இது ஒன்றுதான் என்பேன்.

மரப் பீப்பாயில் வைத்த ஸ்டவுட்டுகளுக்கு ஏன் இத்தனை ஆரவாரம்?

அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். ஒரு முறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி போர்பன் வைக்க முடியாது. அந்தப் பீப்பாய்கள் எங்காவது போயாக வேண்டும், ப்ரூவரிகள் வாங்கிக்கொண்டன. 1990-களில் கூஸ் ஐலண்ட் வலுவான ஸ்டவுட்டை அதில் ஊற்றி வைத்ததிலிருந்து இது ஒரு தனிப் பாணியானது. ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல், அது மரத்திலிருந்து வனிலா, கருகல், விஸ்கி வாசனை எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும்.

ஆல்கஹால் 11 முதல் 15 சதவீதம் வரை போகும். நாலு பேர் பகிர்ந்துகொள்ள வேண்டிய பாட்டில் இது.

பழக்கூழ் போட்ட புளிப்புப் பீர் கேன் வெடிக்கும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். 'ஸ்மூதி சவர்' என்று வருபவற்றில் சிலர் நொதித்து முடிந்தபின் பழக்கூழைச் சேர்த்து அப்படியே அடைத்துவிடுகிறார்கள். கூழில் சர்க்கரை இருக்கிறது, கேனுக்குள் கொஞ்சம் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. குளிரில் இருக்கும்வரை அது தூங்கும். வெளியே வைத்தால் மறுபடி நொதிக்கத் தொடங்கும், அழுத்தம் ஏறும், கேன் உப்பும், ஒரு கட்டத்தில் கிழியும். 'எப்போதும் குளிரில் வைக்கவும்' என்று போட்டிருந்தால் அதை அலங்கார வாசகமாக நினைக்காதீர்கள். கேனின் மூடி மேல்நோக்கி உப்பியிருந்தால் முகத்துக்கு அருகில் வைத்துத் திறக்காதீர்கள்.

எல்லாப் புளிப்புப் பீரும் இந்த வகை இல்லை. கொப்பரையிலேயே லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவை விட்டு ஓரிரு நாளில் புளிக்கவைத்து, பிறகு கொதிக்கவைத்து அதைக் கொன்றுவிடுவது ஒரு வழி. உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்த்த 'கோஸே' என்ற பீர் இன்று பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் போன்ற இடங்களில் நடப்பது வேறு. கொதித்த நீரை அகலமான திறந்த தொட்டியில் ஓர் இரவு ஆறவிட்டு, காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் காட்டு ஈஸ்ட் அதில் இறங்க விடுகிறார்கள். குளிர்காலங்களில் மட்டுமே இதைச் செய்ய முடியும். பிறகு மரப் பீப்பாயில் ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு கிடந்தவற்றைக் கலந்தால் கூஸ் (gueuze) என்ற பீர், கூஸ் ஐலண்டோடு இதற்குச் சம்பந்தமில்லை. இரண்டையும் 'புளிப்பு' என்ற ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

இரண்டு ப்ரூவரிகள் சேர்ந்து போடும் பீரில் உண்மையில் என்ன நடக்கிறது?

பெரும்பாலும் ஒருவர் இன்னொருவர் இடத்துக்குப் போய், ஒரு நாள் கூட நின்று காய்ச்சிவிட்டு வருவதுதான். ரெசிபியை முன்பே பேசிவைத்திருப்பார்கள். சில சமயம் அது விளம்பரத்துக்கு மேல் ஒன்றுமில்லை. சில சமயம் ஒருவரின் ஈஸ்ட்டும் இன்னொருவரின் ஹாப்ஸ் கைப்பக்குவமும் சேர்ந்து இருவருமே தனியாகச் செய்யாத ஒன்று வரும்.

இதில் எனக்குப் பிடித்த கதை ஏவரி, ரஷ்யன் ரிவர் என்ற இரண்டு ப்ரூவரிகளுடையது. இரண்டிலும் 'சால்வேஷன்' என்ற பெயரில் ஒரு பீர் இருந்தது. வக்கீல் வைத்துக்கொள்வதற்குப் பதிலாக இரண்டு பீரையும் கலந்து, வழக்கு வேண்டாம், கூட்டு போதும் என்று அர்த்தம் வரும் 'கொலாபரேஷன் நாட் லிட்டிகேஷன்' என்ற பெயரில் 2006-ல் வெளியிட்டார்கள். 2018-ல் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரைக் காட்டுத்தீ அழித்தபோது, சியரா நெவாடா 'ரெசிலியன்ஸ்' ஐபிஏயின் ரெசிபியை எல்லோருக்கும் கொடுத்தது. ஆயிரத்துக்கும் அதிகமான ப்ரூவரிகள் அதைக் காய்ச்சி, விற்ற பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தன.

வரிசையில் நின்று வாங்கும் அளவுக்கு எந்தப் பீராவது இருக்கிறதா?

வரிசையில் நிற்பதே பிடிக்கும் என்றால் நில்லுங்கள், நாலு நல்ல மனிதர்களைச் சந்திக்கலாம். பீருக்காக மட்டும் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. ரஷ்யன் ரிவர் 2005 முதல் ஆண்டுக்கு ஒரு முறை வெளியிடும் ப்ளைனி தி யங்கர் என்ற பீருக்கு வரிசை தெருவைச் சுற்றும். அதே ப்ரூவரியின் ப்ளைனி தி எல்டர் ஆண்டு முழுவதும் வருகிறது, 8 சதவீதம், அதன் பாணியில் உலகின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. அவர்கள் கைப்பக்குவம் என்ன என்பதை அதுவே சொல்லிவிடும்.

செயலிகளில் இருக்கும் மதிப்பெண்ணை நம்பலாமா?

பீர் குடித்தவர்கள் மதிப்பெண் போடும் செயலிகளில் 2010-ல் தொடங்கிய அன்டாப்ட்தான் பெரியது. அங்கே 5-க்கு எவ்வளவு என்ற மதிப்பெண்ணைப் பீரின் வகையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வலுவான, இனிப்பான, அரிதாகக் கிடைக்கும் பீருக்கு எப்போதும் மதிப்பெண் கூடும். அமைதியான ஒரு நல்ல லேகர் 3.7 தாண்டவே திணறும். வகைக்குள் ஒப்பிடுங்கள்: 3.7 பெற்ற பில்ஸ்னர், 4.2 பெற்ற ஸ்டவுட்டுக்குக் குறைந்தது இல்லை. எண்ணைவிட, கடைசி சில வாரங்களில் எழுதியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது உருப்படி. "பழசாகத் தெரிகிறது" என்று ஒருவருக்கு மேல் எழுதியிருந்தால் அந்தச் சரக்கு எங்கோ வெப்பத்தில் நின்றிருக்கிறது.

எது பாணி, எது பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூக்கை நம்புங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் ஆக்ஸிஜன் உள்ளே போய்ப் பழசாகியிருக்கிறது. வெண்ணெய் தடவின மாதிரி வழவழப்பும் வாசனையும் வந்தால் அது டையசெட்டில்: நொதித்தல் முடியுமுன் அவசரப்பட்டிருக்கிறார்கள், அல்லது குழாய் சுத்தமில்லை. வேகவைத்த சோளம் என்றால் காய்ச்சும்போது கொதி போதவில்லை. பச்சை ஆப்பிள் என்றால் பீர் இன்னும் விளையவில்லை. பச்சை பாட்டிலிலோ நிறமில்லாப் பாட்டிலிலோ வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு மாதிரி நாறும். சில நிமிட வெயிலே போதும்.

புளிப்பு என்று எங்கும் போடாத பீர் புளித்தால், அது புதுமை கிடையாது. திருப்பிக் கொடுங்கள்.

கேன் நல்லதா, பாட்டில் நல்லதா?

ஹாப்ஸ் பீருக்குக் கேன். வெளிச்சம் புகாது, மூடியில் கசிவு குறைவு, சீக்கிரம் குளிரும். ஆஸ்கர் ப்ளூஸ் 2002-ல் தன் பேல் ஏலைக் கேனில் அடைத்தபோது சிரித்தவர்கள் நிறைய. இன்று சிரிக்க ஆளில்லை. உள்ளே மெல்லிய பூச்சு இருப்பதால் உலோகம் பீரைத் தொடுவதே இல்லை. கேனில் வாய் வைத்துக் குடித்தால் வாசனை மூக்குக்கு எட்டாது, கிளாஸில் ஊற்றுங்கள். எந்தக் கிளாஸ் என்பதை விடச் சுத்தமான கிளாஸ் முக்கியம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது.

லேகரைக் குளிர்பெட்டியிலிருந்து நேராக, ஐபிஏயை எடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து, வலுவான ஸ்டவுட்டை 12 டிகிரி வரும்வரை காத்திருந்து குடிக்கலாம்.

ஒரு கேன்தானே என்று எடுத்தால் தலை சுற்றுகிறதே?

கணக்குப் போடுங்கள். 5 சதவீதம் ஆல்கஹால் உள்ள 330 மில்லி பாட்டிலில் இருப்பது 16.5 மில்லி ஆல்கஹால். 8 சதவீத டபுள் ஐபிஏ 473 மில்லி கேனில் 38 மில்லிக்கு அருகில். ஒரு கேன் என்று நினைத்துக் குடித்தது இரண்டேகால் பாட்டில். பழ வாசனை அதை மறைத்துவிடும். வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் ஒன்றும் வேண்டாம், கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் அப்படியே. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னதையும் தெரிந்துகொண்டே குடிக்கலாம், குடிக்காமலும் இருக்கலாம்.

ஆல்கஹால் இல்லாத கிராஃப்ட் பீர் வருகிறதே, குடிக்கும்படி இருக்கிறதா?

இப்போது இருக்கிறது. மால்ட் சர்க்கரையைத் தின்னாத ஈஸ்ட்டைப் பயன்படுத்துவது ஒரு வழி. முழுப் பீரைக் காய்ச்சி, காற்றழுத்தத்தைக் குறைத்துக் குறைந்த சூட்டில் ஆல்கஹாலை ஆவியாக்குவது இன்னொன்று. உலர் ஹாப்ஸ் தாராளமாகப் போட்ட பேல் ஏல்கள் இதில் நன்றாக அமைகின்றன, லேகர்கள் பெரும்பாலும் இனிப்பு மால்ட் நீர் மாதிரி நின்றுவிடுகின்றன. பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தாலும் 'இல்லை' என்ற வகையில் விற்கலாம். முற்றிலும் தவிர்க்க வேண்டியவர்கள் 0.0 என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போன முறை பிடித்த பீர் இந்த முறை வேறு மாதிரி இருக்கிறது. ரெசிபியை மாற்றிவிட்டார்களா?

மாற்றியிருக்கலாம், பெரும்பாலும் நல்லதற்கு. முதல் தொட்டி என்பது ஓர் ஊகம். அதைக் குடித்துப் பார்த்து இரண்டாவதில் கசப்பைக் குறைப்பார்கள், சூட்டைத் திருத்துவார்கள். அதனால் ஒரு பீர் திரும்பி வருகிறது என்றால் முதல் வெளியீட்டைவிட அதில் எனக்கு நம்பிக்கை அதிகம். மாற்றாமலும் மாறும். ஹாப்ஸ் விவசாயப் பொருள். ஒரே வகை, ஒரே ஆண்டு, இரண்டு வயலில் இரண்டு வாசனை. பெரிய ப்ரூவரிகள் அறுவடையின்போதே போய் முகர்ந்து தேர்ந்தெடுத்துவிடும், மிச்சத்தில்தான் சின்னவர்கள் சமாளிக்க வேண்டும்.

ஒரு ப்ரூவரியை முதல் தடவை முயற்சி செய்கிறேன். எதை எடுப்பது?

அவர்கள் எப்போதும் காய்ச்சும் பேல் ஏலையோ லேகரையோ ஒன்று, அந்த வாரம் வந்த புதுப் பீர் ஒன்று. முதலாவது நன்றாக இல்லாமல் இரண்டாவது மட்டும் அபாரமாக இருப்பது அரிது.

வாங்கிய கேன் சரியில்லை. ப்ரூவரிக்கு எழுதினால் பதில் வருமா?

சின்ன ப்ரூவரிகள் பெரும்பாலும் பதில் போடும், சிலசமயம் காய்ச்சியவரே எழுதுவார். கேனின் அடியில் உள்ள எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள், எங்கே வாங்கினீர்கள், குளிரில் இருந்ததா, ஊற்றியபோது நிறம் எப்படி இருந்தது என்று நாலு வரி போதும். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் சில கேன்களைப் பல ப்ரூவரிகள் தனியே எடுத்துவைத்திருக்கும். உங்கள் எண்ணுக்குரிய கேனைத் திறந்து பார்த்தால், கோளாறு தொட்டியிலா, வழியிலா, கடையிலா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். "கேவலமாக இருந்தது" என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. மீதியிருக்கும் கேன்களைப் பதில் வரும்வரை கொட்டிவிடாமல் குளிரில் வையுங்கள்.